ஆறிவிடக் கூடாத லேப்டாப்

கைலாசபுரத்திலிருந்து சத்திரம் போகும் பஸ்ஸில், உச்சி வெயிலில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அந்த அம்மாள் மடியில் கம்பளி சுற்றிய மூட்டை.

“கம்பளியை விலக்காதீங்க, லேப்டாப் ஆறிடும்.”

“சும்மா தொட்டுப் பார்த்தேன்.”

“நீங்க தொட்டுத்தான் இந்தக் கதி. புது ரேம் போடறேன்னு பிரிச்சீங்க. இப்போ மதர்போர்டு சூடா இருந்தாத்தான் ஆன் ஆகுது.”

“அதான் ஹேர் டிரையர் காட்டி எடுத்துட்டு வந்தோமே. வீட்ல நாம காப்பி எடுக்கறதுக்குள்ள அணைஞ்சிடுது; ரிப்பேர் கடையில ஒரு தடவை ஆன் ஆனா போதும். பொண்ணோட ப்ராஜெக்டைக் காப்பி எடுத்துட்டு, அப்புறம் போர்டை ரிப்பேர் பண்ணிக்கலாம்.”

பஸ் பாலக்கரையைத் தாண்டியது.

“ஏங்க, அந்தக் கடை ஏசியாச்சே?”

அவர் ஜன்னல் ஷட்டரை இறக்கினார்.

“இறங்கினதும் நீங்க முன்னாடி ஓடிப்போய் ஏசியை நிறுத்தச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் இதை வெயில்ல காட்டிக்கிட்டு நிக்கிறேன்.”