அந்த எண்ணைச் சொல்லாதீர்கள்

மேடையில் வீற்றிருக்கும் மேலாளர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, கேபிள் இழுக்கும் என் தோழர்களே, இந்தக் கூடம் கொள்ளாமல் படிக்கட்டிலும் நிற்கும் வாடிக்கையாளர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் எங்கள் அக்காவின் கணவர், தையற்காரர் அவர்களே, உங்கள் அனைவருக்கும் கனத்த நெஞ்சோடு என் வணக்கம்.

எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. மொட்டை மாடியில் நின்றுகொண்டு கீழே இருப்பவனைத் திட்டித்தான் பழக்கம். என் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோதனை அக்கா போய்விட்டார். வயதில் எனக்கு இளையவர். ஊரே அக்கா என்றதால் எனக்கும் அக்கா. நுரையீரலில் வந்த நோய் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. "நல்ல சாவு" என்று வாசலில் யாரோ ஆறுதல் சொன்னார்கள். மூச்சுக்குத் தவித்துப் போனவரின் சாவில் என்ன நல்லது? எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

கீழே நம் கவுண்ட்டரில் அவர் உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பாருங்கள். இன்டர்நெட் இணைப்புக் கேட்டு வந்தவரிடம் விலைப்பட்டியலையா நீட்டினார்? "வீட்ல எத்தனை பேரு? யாரு படிக்கிறாங்க? எத்தனை ரூம்?" என்றல்லவா கேட்டார்! ஃபைபர் கேட்டு வந்த ஒரு வயதான தம்பதியை, "பேரப்பிள்ளை முகத்தைப் பாக்கத்தானே? உங்க போன்ல இருக்கிற டேட்டாவே போதும், போயிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒருவர் சிம் போட்ட மோடமே போதும் என்று அடம்பிடித்தபோது, "சாயங்காலம் ஊரே போனைத் திறக்கும். அப்ப அது படுத்துடும். வேலை போனா நான் பொறுப்பில்ல" என்று ஃபைபர் எடுக்க வைத்தவரும் அவர்தான்.

நான் கேபிளைக் கொண்டுவந்து சேர்ப்பேன். அதன் பிறகு வீடு அவர் கைக்குப் போய்விடும். பெட்டியில் அச்சடித்து வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் ஒரு வீட்டை விட்டும் அவர் வெளியேறியதில்லை. பிள்ளையின் பெயரையும் வைக்க விடமாட்டார். "தெருவுக்கே தெரிஞ்ச பேரை வச்சுப் பூட்டினா அது பூட்டா?" என்பார். ரௌட்டரைப் பத்திரமாக பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய ஓர் அம்மாவிடம், "அதுக்கு மூச்சு முட்டும்மா, வெளிய எடுங்க" என்றார்.

சோதனை அக்கா என்ற பெயர் எப்படி வந்தது? இணைப்புக் கொடுத்த சில நாளில் வேறொரு போனிலிருந்து அந்த வீட்டுக்கு அழைப்பார். குரலை மாற்றிக்கொள்வார். தேனாகப் பேசுவார். "ஆபீஸ்லேர்ந்து பேசுறோம். உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்க." சொன்னீர்களோ, தொலைந்தீர்கள். மறுநாள் காலை உங்கள் வாசலில் நிற்பார். "திருடன் கேட்டாலும் இப்படித்தான் வாரிக் கொடுப்பீங்களா?" இங்கே எத்தனை பேர் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்? கையைத் தூக்க வேண்டாம். நம் மேலாளரே எண்ணைச் சொன்னவர்தான். இப்போது சிரிக்கிறார், பாருங்கள்.

அந்தச் சோதனையில் தேறவே தேறாதவர் ஒருவர் இருந்தார். அக்காவின் கணவர். அன்பாகப் பேசினால் போதும், சொல்லிவிடுவார். தையல் கடையில் சேர்த்த பணமெல்லாம் பேங்க் கணக்காக அவர் போனுக்குள்தான் இருக்கிறது. மருத்துவமனையில் நான் கடைசியாகப் பார்த்தபோது, மூச்சுக்கருவியை விலக்கிவிட்டு அக்கா சொன்னது இதுதான்: "சாவுக்குப் பயமில்லப்பா. இந்த மனுஷனை நினைச்சாத்தான் பயம். நான் போனதும் எவளாவது இனிக்க இனிக்கப் பேசுவா. இவர் எல்லாத்தையும் சொல்லிட்டு உக்காந்திருப்பாரு."

அப்படியே நடந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் அவர் போன் ஒலித்தது. ஒரு பெண் குரல். ஆபீஸிலிருந்து பேசுகிறாளாம். மனைவிக்கு வரவேண்டிய பணத்தை அனுப்ப வேண்டுமாம். போனுக்கு வந்த எண்ணைச் சொன்னால் போதுமாம். இறந்தவர் வீடு என்று தெரிந்தே அழைத்திருக்கிறாள். இவளெல்லாம் என்ன பிறவி?

நம் தையற்காரர் என்ன சொன்னார் தெரியுமா? நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் முகம் மலர்ந்தது. "அடிப்பாவி, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? இந்தத் தடவை ஏமாற மாட்டேன். உயிரே போனாலும் சொல்ல மாட்டேன் போ" என்றார்.

அக்கா போய்ச் சேர்ந்ததை அந்த நொடி அவர் மறந்திருந்தார். அடுத்த நொடி நினைவு வந்தது. ஆனாலும் போனை வைக்கவில்லை. அந்தத் திருடி நயந்து பேசினாள், மிரட்டினாள், கடைசியில் அவளாகவே வைத்தாள். அதுவரை இவர் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். "அவ பேசுற மாதிரியே இருந்துச்சுப்பா" என்றார்.

அக்கா, உங்கள் கணவர் தேறிவிட்டார். அதைக் கேட்க நீங்கள் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஆகவே, பெரியோர்களே, ஒரு மேடை, ஒரு படம், ஒரு நிமிட மௌனம், இதோடு நாம் கலைந்துவிடப் போவதில்லை. அவர் இணைப்புக் கொடுத்த வீடுகளைக் கேபிள் இழுக்கும் நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். இனி உங்கள் போன் ஒலிக்கும். எண்ணைக் கேட்போம். சொல்லாதீர்கள். ஆபீஸ் என்றாலும், பேங்க் என்றாலும், நாங்களே என்றாலும் சொல்லாதீர்கள்.

மச்சான், உங்களை நான்தான் அழைப்பேன். எனக்குக் குரலை மாற்றத் தெரியாது. தேனாகவும் பேச வராது. முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆனாலும் எண்ணைக் கேட்பேன். வாயார என்னைத் திட்டுங்கள். திட்டிவிட்டு, தயவுசெய்து, போனை வைத்துவிடுங்கள்.