நடுவில் வைக்க ஒரு வெள்ளைப் பூ

சும்மா இருக்கும் கை எனக்குப் பிடிக்காது. ரெயிலில் போனாலும் மடியில் ஒரு பின்னல் வேலை இருக்கும். உங்கள் மொழிபெயர்ப்பாளர் வினோஜா நான் சொல்வதில் பாதியை விழுங்கிவிடுகிறாள். அதனால் நானே தமிழில் எழுதித் தருகிறேன். ஒரு சொல் விடாமல் நோர்வேஜிய மொழிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

2003இல் ஒஸ்லோப் புறநகரான ஸ்டோவ்னரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பழஞ்சாமான் சந்தையில் அந்தப் புத்தகம் கிடைத்தது. விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலப் பெண்கள் சஞ்சிகை, ஓராண்டு இதழ்களைச் சேர்த்துக் கட்டியது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்த எனக்கு ஒஸ்லோவில் முதியோர் இல்லத்தில் கிழங்களைக் கழுவும் வேலை. அந்தச் சஞ்சிகைதான் என்னை ஒரு சீமாட்டியாக மதித்துப் பேசியது. கடற்பாசியை உலர்த்தி அல்பத்தில் ஒட்டுவது, சிப்பியால் பெட்டி அலங்கரிப்பது எல்லாம் அதில் இருந்தது. ஒரு பக்கத்தில், இறந்தவரின் தலைமயிரை மெல்லிய கம்பியில் சுற்றிப் பூச்செய்து, மாலையாகக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்கும் முறை. வீட்டுக்கு அழகு, மனதுக்கு ஆறுதல் என்று எழுதியிருந்தார்கள்.

இல்லத்தில் சாவுக்குக் குறைவில்லை. செத்தவர்களைக் கழுவி உடுத்துவதும் நான்தான். ஒரு கற்றை குறைந்தால் யார் பார்க்கப்போகிறார்கள்? இரண்டு ஆண்டில் பழுப்பு மயிரில் இலைகளும் சாம்பல் மயிரில் மொட்டுகளும் முடித்தேன். நடுவில் வைக்க வெள்ளைப் பூ மட்டும் பாக்கி. நோர்வேக் கிழவிகள் மயிரைக் கழுத்தளவில் வெட்டியிருப்பார்கள், அந்த நீளம் பூவுக்குக் காணாது.

பிறகு கனகம்மா வந்து சேர்ந்தார். எங்கள் ஆள், எண்பத்துமூன்று வயது. இடுப்புவரை வெள்ளைவெளேரென்ற பின்னல், அதைவிட நீளமான நாக்கு. கறிக்கு உப்பில்லை என்று சோற்றுக் கோப்பையை என்மேல் தள்ளிவிட்டவர். அப்படியிருந்தும் நான் மரியாதையாகவே ஒரு கற்றை கேட்டேன்.

"உனக்கென்ன விசரே? மயிர் பொறுக்கிற மூதேவி. நான் செத்தாப்பிறகு வெட்டிக்கொண்டு போ. உயிரோடை இருக்கேக்கை என்ரை தலையிலை கை வைச்சியெண்டால் முறிச்சுப்போடுவன்."

ஏச்சை விடுங்கள். அதற்குள் ஓர் அனுமதி இருந்ததை நீங்களும் கவனித்திருப்பீர்கள். அன்றிலிருந்து அவரைக் குளிப்பாட்டி முழுகவார்க்க வேறொருத்தி போனாள். நான் பொறுத்திருந்தேன். மனுஷிக்கு ஒரு தடிமன், தும்மல்கூட வரவில்லை.

காரியத்தைக் கெடுத்தது மகள் சிறிதேவி. ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சொன்னாள்: "அருளக்கா, அம்மாவின்ரை தலைமயிரைக் கட்டையா வெட்டச் சொல்லிப்போட்டன். முழுகவாக்கிற பிள்ளையளுக்கும் லேசுதானே. வாற வெள்ளிக்கிழமை வெட்டினம்."

"வெள்ளிக்கிழமையோ? ஆரும் வெள்ளிக்கிழமை தலைமயிர் வெட்டுவினமே?"

"என்ன செய்யிறது, முடி வெட்டுறவ அண்டைக்குத்தானே இஞ்சை வாறா."

ஆசாரமும் இல்லை, ரசனையும் இல்லை. அவ்வளவையும் கூட்டி அள்ளிக் குப்பைப் பையில் போடுவார்கள். அதிலிருந்து எடுத்தால் கனகம்மா சொன்ன மயிர் பொறுக்கிற மூதேவியாகிவிடுவேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு கனகம்மா அயர்ந்து தூங்கினார். பின்னல் கட்டிலுக்கு வெளியே தொங்கியது. அதில் கை படாமல் பார்த்துக்கொண்டு, பக்கத்திலிருந்த தலையணையை எடுத்து முகத்தில் வைத்து அழுத்தினேன். நான் நினைத்ததைவிட அவருக்குப் பலம் இருந்தது. நீங்கள் படம் எடுத்த மணிக்கட்டுக் கீறல் அப்போது வந்தது. எல்லாம் அடங்கியபின் நாடி பார்த்தேன். கால் மணித்தியாலம் இருந்து மறுபடியும் பார்த்தேன். அதன் பிறகுதான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

பின்னேரம் வந்த சிறிதேவி, பின்னலைக் காணவில்லை என்று குழறினாள். அடுத்த நாள் குப்பைக்குப் போகவிருந்த மயிருக்கு அவ்வளவு அழுகை. அவள்தான் உங்களுக்கு அறிவித்தவள்.

உங்கள் தாளில் இரண்டு குற்றங்கள் போட்டிருக்கிறீர்கள். முதலாவது கொலை. ஓம், நான்தான் செய்தேன், கையெழுத்து வைக்கிறேன். இரண்டாவது களவு. அதை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். அவர் சொன்னபடிதான் நடந்தேன். உயிர் போகும்வரை கனகம்மாவின் தலையில் நான் கை வைக்கவில்லை.