கேம்ப்புச் செல்விகள்

"நம்ம கேம்புல செல்வின்னு பேரு வச்ச ஒருத்தியும் சும்மா இருந்ததில்லட்டி."

தமிழர் குடியிருப்பான லேபர் கேம்ப்பிலிருந்து குர்லா போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த அக்கா சொன்னார். பக்கத்தில் அவருடைய நாத்தனார். ஆட்டோ ரிக்‌ஷா லைசன்ஸ் டெஸ்ட்டுக்குப் புறப்பட்டு வந்திருந்தார்.

"வக்கீல் செல்வி, நர்ஸ் செல்வி, கபடி செல்வி. எல்லாரும் நம்ம சந்துதான்."

"என்னைய என்னன்னு கூப்பிடுதாங்க, மதினி? பெயில் செல்வி."

"ரெண்டு தடவ பெயிலானா வேற எப்படிக் கூப்பிடுவாங்க? நர்ஸ் செல்விக்கு மொதல்ல என்ன பேரு தெரியுமா? அழுமூஞ்சி செல்வி. ஊசியப் பாத்தாலே அழுவா."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கேட்டார், "இன்னிக்கும் பெயிலாயிட்டா?"

"மறுபடி இதே பஸ்ல ஏறுவோம். ரிவர்ஸ் எடுக்கையில மட்டும் பதறாத."

நிறுத்தம் வந்தது. நாத்தனார் மட்டும் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டார். பேருந்து இன்னும் கிளம்பவில்லை. மதினி ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்.

"ஏ, ரிக்‌ஷா செல்வி! கொடைய விட்டுட்டுப் போறியே!"

அந்தப் பெயரில் அவரை யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. ஆனால் முதல் குரலுக்கே திரும்பி ஓடி வந்தார்.