திருக்கை குத்திய கால்

சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம். மன்னார்ப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பேருந்தை விட்டு எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் வங்காலையில் ஏறிய அண்ணனும் தங்கையும். அண்ணனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, ஊன்றுகோலில் நின்றார். அவர் சொல்வதைத் தட்டெழுதி இணையத்தில் போடுபவள் தங்கை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“அண்ணை, ஷெல்லில போன கால் எண்டு மாத்துவமோ?”

“ஏன், திருக்கைக்கு என்ன குறை?”

“வெளிநாட்டில இருந்து வாசிக்கிறவை நம்பீனமில்லை. மீன் குத்திக் கால் போகுமோ, பயத்தில மறைக்கிறியளோ எண்டு கேக்கினம்.”

“முள்ளுக் குத்தின புண் பழுத்துத்தான் காலை எடுத்தது எண்டு எழுதினனாங்கள்தானே?”

“ஓம். அதுக்குப் பிறகும் அவை உங்களை வீரன் எண்டுதான் எழுதுகினம்.”

“நான் அரசாங்கக் கந்தோர்ப் படியில ஏறக் கைபிடி வேணும் எண்டெல்லோ எழுதினனான். அதுக்கு அவை என்ன சொல்லினம்?”

“அதைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை.”

வரிசை நகர்ந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து, மடிப்பில் கிழியத் தொடங்கிய ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். சிப்பாய் சீட்டைப் பார்த்தான், காலைப் பார்த்தான்.

“மீன்?” என்று சிரித்தான். “பொய். நீ சண்டை போட்டது.”

தனியே போய் நிற்கும்படி கையைக் காட்டினான். அவர் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டு தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

“இவரும் எங்கட பதிவை வாசிக்கிறவர் போல கிடக்கு.”