பச்சை நூல் சுத்தின மூக்குக் கண்ணாடி

இல்ல சார், நான் ஒண்ணும் உங்களைத் துரத்தல. நீங்க பாட்டுக்கு நில்லுங்க. இந்த அறைக்குக் காவல் நான்தான், அதனால நானும் நிக்கிறேன். என்னன்னா, மத்தவங்க தலைவரோட கட்டிலைப் பாப்பாங்க, எழுதுற மேசையைப் பாப்பாங்க, அப்படியே பின்வாசல் வழியா இறங்கி அவரு சமாதியில ஒரு நிமிஷம் தலை குனிஞ்சுட்டுப் போயிடுவாங்க. நீங்க வந்ததுல இருந்து இந்தக் கண்ணாடிப் பெட்டிகிட்டயே நிக்கிறீங்களே. உள்ள இருக்கிறது தலைவரோட மூக்குக் கண்ணாடி. அதான் எழுதியே வச்சிருக்கே.

சும்மாதான் பாக்குறீங்களா? சும்மா பாக்க வர்றவங்க பூதக்கண்ணாடி எடுத்துட்டு வருவாங்களா? சட்டைப் பையில துருத்திக்கிட்டு நிக்குது. போன வாரமும் வந்தீங்க, தொப்பி போட்டுட்டு. தொப்பி மாறலாம், நடை மாறுமா? எனக்கே காது குத்தாதீங்க சார். மேலிடத்துலதான அனுப்பினாங்க? இல்லையா? அப்ப பத்திரிகையா? அதுவும் இல்லையா. சரி, கத்தரிக்கா முத்தினா சந்தைக்கு வந்துதான ஆகணும்.

நூலா? எந்த நூலு? ஓ, காம்புல சுத்தியிருக்கே, அந்தப் பச்சை நூலா. வழிகாட்டி சொன்னதைக் கேக்கலையா நீங்க? நாட்டையே ஆண்டவரு, திருகாணி விழுந்த கண்ணாடிக்கு நூலைச் சுத்திப் போட்டுக்கிட்டாரு, அவ்வளவு எளிமைன்னு சொல்லுவாரே. ஜனங்க அழுதுடுவாங்க சார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இந்த நூலைப் பத்திக் கட்டுரையே எழுதுதுங்க.

படத்துலயா? சுவத்துல மாட்டியிருக்கிற ஒரு படத்துலயும் நூல் இல்லையா? ம்ம். இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கேட்டதில்ல.

மெதுவாப் பேசுங்க. அந்தக் கதவுக்குப் பின்னால மேலாளர் இருக்காரு. எனக்கு இந்த வேலையைப் போட்டுக் கொடுத்தவரே அவருதான். தங்கமான மனுஷன்னு ஊரே சொல்லும். நானும் ஆமாம் ஆமாம்னு தலையாட்டுவேன். உப்பிட்டவரை எப்படிக் காட்டிக் கொடுக்கிறது?

எனக்கு முன்னால இங்க காவலுக்கு இருந்தது என் வீட்டுக்காரரு. தலைவர் நினைவு நாளுக்கு முந்தின நாளு, மேலாளருக்கு ஒரு ஆசை. இந்தப் பெட்டியைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு போட்டோ பிடிச்சாரு. பட்டுனு முறிஞ்சு போச்சு. விடிஞ்சா பெரிய பெரிய ஆளுங்க வராங்க, பெட்டி காலியா இருந்தா அவரு வேலை போயிடும். என் வீட்டுக்காரரு போட்டிருந்ததும் அதே மாதிரி வட்டக் கண்ணாடி. உன்னோடதைக் கொடுய்யா, நாளைக்கு ஒருநாள் இருக்கட்டும்னாரு. இவரு வாயில்லாப் பூச்சி, கழட்டிக் கொடுத்துட்டாரு. முறிஞ்சதை ஒட்டிக் கொண்டாறேன்னு எடுத்துட்டுப் போன மேலாளர், இன்னும் ஒட்டிக்கிட்டேதான் இருக்காரு.

அன்னிக்கு வேலை முடிஞ்சு கிளம்புறப்ப இவரு எனக்குப் போன் பண்ணி ஒரே சிரிப்பு. நாளைக்குத் தலைவரே என் கண்ணாடியைத்தான் போட்டுக்கப் போறாருடின்னாரு.

வாசல்ல பஸ் திரும்புற வளைவு இருக்குல்ல? கண்ணாடி இல்லன்னா எதிர்ல நிக்கிற என்னையே அடையாளம் தெரியாது அவருக்கு. டிரைவரு போலீஸ்ல என்ன சொன்னாரு தெரியுமா? ஆளு பஸ்ஸைப் பாத்துக்கிட்டேதான் நின்னாரு, நகரவே இல்லைன்னு. பாத்துக்கிட்டே நின்னாராம்!

இந்தாங்க சாவி. நீங்க யாரா வேணா இருந்துட்டுப் போங்க. திறந்து பாருங்க, எழுதணும்னா எழுதுங்க. ஆனா எடுத்துட்டு மட்டும் போயிடாதீங்க சார். அவரைப் புதைச்ச பொது மயானத்துல, அதே குழியில இப்ப வேற யாரோ படுத்திருக்காங்க. எனக்கு வந்து துடைக்கிறதுக்கு இது ஒண்ணுதான் மிச்சம்.

நூலைப் பிரிச்சுடாதீங்க. அவரு சாப்பாட்டுப் பை கிழிஞ்சப்ப தைக்க வாங்கின நூலு அது. மிச்சம் இருந்ததை நான்தான் சுத்தி விட்டேன்.