எதிரணியின் வாழ்த்துச் செய்தி

அயர்லாந்தில், வெக்ஸ்போர்ட் பக்கம் காலை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். கம்பளித் தொப்பிக்காரர் சொன்னார்:

"வேல்ஸிலை எங்கடை புட்போல் கிளப்புக்கு நூறு வயசு. நூற்றாண்டு மலர் நான்தான் போடுறன்."

"உங்கடை கிளப்போ அண்ணை?"

"மருமோன்ரை கிளப். கிழமை நாளிலை தபால்காரன், சனிக்கிழமை கோல்கீப்பர். கிளப்பின்ரை வரலாறு எழுதித் தாங்கோ எண்டு கேட்டவை."

"எழுதியாச்சோ?"

"முதல்லை வாழ்த்துச் செய்தி எடுக்க வேணுமெல்லே? மேயர், பாதிரியார், பள்ளிக்கூட அதிபர், பக்கத்து ஊர்க் கிளப், எல்லாருக்கும் கடிதம் போட்டன்."

"வெள்ளைக்காரர் உதெல்லாம் போடுறவையோ?"

"இல்லையாம். பக்கத்து ஊரோடை கதை பேச்சே இல்லையாம். அப்பாமார் காலத்திலை மருமோன்ரை கிளப் அடிச்ச ஒரு பந்து கோல் கோட்டைத் தாண்டினதோ இல்லையோ எண்டு சண்டை. கடிதம் போடேக்கை உது எனக்குத் தெரியாது."

"ஐயோ! பதில் வந்ததோ?"

நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. எழும்பவில்லை.

"வந்தது. ரெண்டே வரி. 'நூற்றாண்டுக்கு வாழ்த்துகள். அண்டைக்கு உங்கடை பந்து கோட்டைத் தாண்டினது உண்மைதான்.'"

மற்றவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அதை எத்தினையாம் பக்கத்திலை போடப்போறியள்?"

"அட்டையிலை."