ஞாயிற்றுக்கிழமைக் கட்டம்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டிறைச்சிப் பிரட்டல்தான், இன்ஸ்பெக்டர். என் வீட்டுக்காரர் ரூபேந்திரன் சிங்கப்பூரில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறார். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் எல்லை தாண்டி இங்கே குளுவாங்குக்கு வருவார். மற்ற நாளெல்லாம் கடைச் சோறு தின்று நாக்கு செத்துப்போயிருக்கும், பாவம்.

அவர் அம்மா, என் மாமி வெள்ளையம்மாவுக்கு முதுகுத்தண்டில் வலி. முப்பது வருஷம் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவிய உடம்பு. ஆஸ்பத்திரியில் மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். நாள்வாரியாகப் போட்டுவைக்க, ஏழு கட்டம் உள்ள டப்பா ஒன்றை வீட்டுக்காரர் வாங்கி வந்தார். வந்ததும் அதைத்தான் திறந்து பார்ப்பார். கட்டம் காலி என்றால் மாமி மாத்திரை சாப்பிட்டாயிற்று என்று அவர் கணக்கு.

திங்கள் முதல் வெள்ளி வரை நேரம் தவறாமல் கொடுத்தேன். சனியும் ஞாயிறும் கொடுக்கவில்லை. அந்த இரண்டு நாள் மாத்திரைகளை எடுத்து மைலோ டின்னில் போட்டுவிடுவேன்.

ஞாயிறு காலையில் மாமிக்கு உடம்பு உதறும், வேர்த்துக் கொட்டும். மகன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாமி ஆரம்பித்துவிடுவார். "இவ மருந்தே தரலப்பா. வலி உயிர் போகுது." அவர் டப்பாவைத் திறப்பார். ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் காலியாக இருக்கும். நான் வாயே திறக்க வேண்டியதில்லை.

ஏன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். கல்யாணமான மறு வருஷம், எனக்கு ஆறு மாதம். காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தேன். "வேலைக்குப் பயந்து நடிக்கிறாடா, நீ கெளம்பு," என்று மாமி மகனிடம் சொன்னார். அவரும் போய்விட்டார். வயிற்றுப் பிள்ளை போன பிறகுதான் எனக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்தது. அன்றைக்கு அடப்பாவமே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமியை விட்டிருப்பேன். சத்தியமாக விட்டிருப்பேன்.

நடிக்கிறாள் என்று என்னைச் சொன்ன அதே வார்த்தையை, பெற்ற மகன் வாயால் மாமி கேட்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. ஒன்பது மாதம் பொறுத்தேன். போன ஞாயிறு மாமி மகனின் காலைப் பிடித்துக்கொண்டார். அவர் காலியான கட்டத்தைத் தூக்கிக் காட்டி, "சும்மா நடிக்காதீங்கம்மா, போதும் லா," என்றார். அன்று பிரட்டல் நன்றாக வாய்த்திருந்தது.

திங்கட்கிழமை காலையில் மாத்திரையை நீட்டினேன். மாமி வாங்கவில்லை. "எனக்கு வலி இல்ல, ராணி," என்றார். உடம்பு உதறிக்கொண்டுதான் இருந்தது. கெஞ்சவில்லை, ஏசவில்லை, என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்பது மாதப் பாடு ஒரே காலையில் வீணாகிவிட்டதே.

மைலோ டின்னில் சேர்ந்ததையெல்லாம் கோப்பியில் கலந்து கொடுத்தேன். என்னவென்று தெரிந்தே குடித்தார் என்றுதான் நினைக்கிறேன். மத்தியானத்துக்குள் மூச்சு நின்றுவிட்டது.

கசக்குமே என்று மூன்று கரண்டி சீனி போட்டிருந்தேன். மாமிக்கு இனிப்புநீர் வியாதி. அதற்கு முன் ஒரு நாளும் அவர் கோப்பியில் நான் சீனி போட்டதில்லை. உடம்பைப் பார்த்துக்கொண்ட விஷயத்தில் மட்டும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.